யாருக்குப் புரியாது?

"விண்வெளித் தொலைநோக்கியைப் பத்தி ஆவணப்படமா? நம்ம பக்கம் எடுபடாது சார்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் இந்த மேற்கு ஓரத்தில் யாரிடம் பேச்சை எடுத்தாலும் கிடைக்கும் பதில் இதுதான். திரையிடல் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். தியேட்டர்காரர் சொன்னால் அது வியாபாரம், விட்டுவிடலாம். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவரே "அதெல்லாம் படிச்சவங்க பார்க்கிறது" என்று ஒதுங்கும்போதுதான் இந்தக் கருத்து எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று தெரிகிறது.

இதை மரியாதையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அறிவியல் படமே வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது, தமிழிலேயே காட்சி நடக்கிறது, ஆர்வம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரட்டும் என்பார்கள். இங்கே இருப்பது லேபர் ஏரியா. ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு ஒரு பாட்டு, ஒரு சண்டை, ரெண்டு சிரிப்பு வேண்டும். நெபுலாவைக் காட்டினால் தூங்கிவிடுவான்.

நெபுலாவை மட்டும் காட்டினால் நானும் தூங்கிவிடுவேன். ஆனால் இவர்கள் போஸ்டரைப் பார்த்துவிட்டு, படம் வானத்தைப் பற்றியது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றிய படங்களில் வானம் வருவது கடைசியில்தான். அதுவரை திரையில் நடப்பது ஒரு பொருளைச் செய்வது, அளப்பது, துடைப்பது, பூட்டுவது, பூட்டியது கழலாமல் பார்த்துக்கொள்வது. பக்கத்தில் பாடியில் பெரிய கம்பெனிகள் சக்கரமும் பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் போல்ட்டும் செய்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டின் சந்துகளில் அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965இல். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் படங்கள் அந்நியம் என்றால், வேறு யாருக்குத்தான் சொந்தம்?

ஹப்பிள் தொலைநோக்கியையே எடுத்துக்கொள்வோம். 1990 ஏப்ரல் 24 அன்று ஏவினார்கள். இரண்டு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது, படம் மங்கல். 2.4 மீட்டர் விட்டமுள்ள பிரதானக் கண்ணாடியின் ஓரம் இருக்கவேண்டியதைவிட இரண்டு மைக்ரான் சொச்சம் தட்டையாக இருந்தது. தலைமுடிப் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு. பத்திரிகைகள் எல்லாம் கண்ணாடியைத் தேய்த்தவர்கள் சொதப்பிவிட்டார்கள் என்ற மாதிரி எழுதின. உண்மையில் அதுவரை உலகத்தில் யாரும் தேய்த்திராத அளவுக்குத் துல்லியமாகத்தான் அதைத் தேய்த்திருந்தார்கள். மிகத் துல்லியமாக, தப்பான வடிவத்துக்கு.

காரணம் கேஜ். கண்ணாடியின் வளைவு சரியா என்று பார்க்க, கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி ஊரில் இருந்த பெர்க்கின் எல்மர் கம்பெனி ஒரு ஒளியியல் கருவி வைத்திருந்தது. இரண்டு சிறு கண்ணாடிகளும் ஒரு லென்ஸும் கொண்டது. அந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைச் சூடு பட்டாலும் நீளம் மாறாத இன்வார் உலோகக் கம்பிகளை வைத்துக் குறித்தார்கள். கம்பியின் நுனியில் லேசர் ஒளியை அடித்து, அது திரும்புவதை வைத்து அளவெடுப்பது முறை. நுனியின்மேல் ஒரு மூடி, மூடியில் சின்ன ஓட்டை. மூடியில் பட்ட ஒளி திரும்பக்கூடாது என்று கறுப்புப் பூச்சு பூசியிருந்தார்கள். ஒரு இடத்தில் அந்தப் பூச்சு பெயர்ந்திருந்தது. லேசர் கம்பி நுனியில் படாமல் பெயர்ந்த இடத்தில் பட்டுத் திரும்பியது. வித்தியாசம் 1.3 மில்லிமீட்டர். லென்ஸை அந்தத் தப்பான அளவுக்கு நகர்த்தப் பார்த்தால் கருவியில் அதற்கு இடம் பற்றவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வாஷர் வைத்து அட்ஜஸ்ட் செய்தார்கள்.

இதோடு போகவில்லை. அதே கண்ணாடியை வேறு இரண்டு முறைகளில் சோதித்தபோது தப்பு தெரிந்தது. ஆனால் அந்தக் கருவிகள் இதைவிடத் துல்லியம் குறைந்தவை, அதனால் அவற்றின் பேச்சு செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். முழுத் தொலைநோக்கியையும் ஒன்றாகப் பூட்டிக் கடைசியாக ஒரு சோதனை செய்யவும் இல்லை, செலவு என்று.

எஸ்டேட்டில் கியூ.சி.யில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எனக்குப் பழக்கம். கொரட்டூர் பக்கம் இருக்கிறார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ., அவ்வளவுதான். இந்தக் கதையை அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். வாஷர் என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வாஷர் வெச்சாங்களா? கேஜ்ல? அங்கயே வேலைய நிறுத்தியிருக்கணும் சார். ஜாப்ல அளவு சேரலைன்னா அவனவன் ஏதோ பண்ணுவான். கேஜ் சேரலைன்னா கேஜத்தான் சந்தேகப்படணும். சரி, அந்த மாஸ்டர யாரு கேலிப்ரேட் பண்ணது? அதே கம்பெனியேவா? இன்னொரு கேஜ் ரிஜெக்ட்னு காட்டுது, அத ஓரமா வெச்சிட்டு பாஸ்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

நாசா அமைத்த விசாரணைக் குழு, லூ ஆலன் தலைமையில், 1990 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழு மாதக்கணக்கில் துருவி வந்து சேர்ந்த இடமும் இதேதான்: ஒரே கருவியை நம்பினார்கள், மாறுபட்ட முடிவுகளை ஒதுக்கினார்கள், தரக் கண்காணிப்பு சரியில்லை. நம் ஆள் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டார். இவருக்கா ஹப்பிள் படம் புரியாது? எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்த பலருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். "ஓ, ஸ்பெரிக்கல் அபரேஷனா" என்று பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். வாஷரில் யாரும் நின்றதில்லை.

1993 டிசம்பரில் ஐந்து முறை விண்வெளியில் இறங்கி ஹப்பிளைச் சரிசெய்தார்கள். தப்பான வளைவுக்கு ஈடுகட்டும் சின்னக் கண்ணாடிகளை உள்ளே கொண்டுபோய் நிறுத்தும் யோசனை, ஜிம் க்ராக்கர் என்ற பொறியாளருக்கு ஜெர்மனியில் ஓட்டல் குளியலறையில் வந்தது. உயரத்துக்குத் தக்க ஏற்றி இறக்கும் ஷவர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நியூட்டனின் ஆப்பிளைப் பாடத்தில் வைக்கிறவர்கள் இந்த ஷவரையும் வைக்கலாம். இதற்குச் சாட்சி உண்டு, ஹப்பிளுக்குள்ளேயே வேலை செய்தது.

"ஹப்பிள் 3டி" என்று 2010இல் வந்த ஐமேக்ஸ் படம், டோனி மையர்ஸ் இயக்கியது, லியோனார்டோ டிகாப்ரியோ குரல். 2009 மே மாதம் நடந்த கடைசிப் பழுதுபார்ப்புப் பயணத்தைப் பற்றியது. ஐமேக்ஸ் 3டி கேமரா ஒன்றை விண்கலத்தின் சரக்கு அறையிலேயே பொருத்தி அனுப்பினார்கள். அதில் இருந்த ஃபிலிம் சுமார் எட்டு நிமிஷத்துக்குத்தான் வரும். எதைப் படம் பிடிப்பது, எதை விடுவது என்று கணக்குப் பார்த்துப் பார்த்துச் சுட்டார்கள்.

அந்தப் பயணத்தில் மைக் மாசிமினோவுக்கு ஒரு வேலை. கெட்டுப்போன கருவி ஒன்றின் மின்பலகையை மாற்றவேண்டும். அதன் மூடியில் நூற்றுக்கும் மேற்பட்ட பொடித் திருகுகள். விண்வெளியில் கழற்றப்படும் என்று நினைத்தே பூட்டப்படாதவை. ஒரு திருகு மிதந்து கருவிக்குள் போனாலும் ஆபத்து. அதற்காகத் திருகுகளின் மேல் பொருத்தும் ஒரு பலகையே செய்தார்கள், கழன்றதெல்லாம் அதற்குள்ளேயே தங்கிவிடும். நல்ல ஃபிக்சர். அதைப் பொருத்துவதற்கு முன் வழியில் இருந்த கைப்பிடியை எடுக்கவேண்டும். நாலே போல்ட். மூன்று வந்துவிட்டது. நாலாவதின் தலை உருண்டுவிட்டது.

வருஷக்கணக்கில் பயிற்சி, பூமிக்கு மேலே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரம், கோடிக்கணக்கில் செலவு, எல்லாம் ஒரு போல்ட் தலையில் வந்து நின்றது. கீழே ஆய்வுக்கூடத்தில் மாதிரி ஒன்றை வைத்து, கைப்பிடியை எவ்வளவு விசையில் இழுத்தால் பிய்யும் என்று பார்த்துச் சொன்னார்கள். துண்டுகள் பறக்காமல் டேப் சுற்றி, மாசிமினோ பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. இந்தக் காட்சியை விளக்க எந்தப் பேராசிரியரும் வேண்டாம். ஆலன் போல்ட் தலை உருண்டு, வெல்டிங் வைக்கலாமா டிரில் போடலாமா என்று ஒரு மதியம் முழுக்க நின்றவர்கள் அம்பத்தூரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மூச்சு நிற்கும். "கதை இல்லை" என்று சொல்கிறவர்கள் இதற்கு மேல் என்ன கதை கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கதை இதைவிட நெருக்கம். ஹப்பிளுக்கு ஆள் அனுப்பிப் பழுதுபார்க்க முடிந்தது. வெப் நிற்பது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. போனது போனதுதான். 2021 கிறிஸ்துமஸ் அன்று ஏவியபோது, ஒன்று தவறினாலும் மொத்தமும் வீண் என்று சொல்லத்தக்க இடங்கள் 344 என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2018இல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒலி அதிர்வுச் சோதனைக்குப் பிறகு, சூரியக் கேடயத்தின் உறையைப் பிடித்திருந்த திருகுகளும் வாஷர்களும் கழன்று விழுந்தன. சரியாகப் பூட்டவில்லை. அதற்கு முன்பே உந்து வால்வுகளைத் துடைக்கத் தப்பான கரைப்பானை எடுத்து வால்வைக் கெடுத்திருந்தார்கள். டாம் யங் தலைமையிலான குழு இவற்றையெல்லாம் மனிதத் தவறு என்று எழுதியது. ஏவும் தேதி 2021க்குத் தள்ளிப்போனது. துடைக்கிற திரவத்தை மாற்றி எடுத்ததால் வந்த நஷ்டத்துக்கு எஸ்டேட்டில் எத்தனை பேர் மெமோ வாங்கியிருக்கிறார்கள்!

வெப்பின் பதினெட்டுக் கண்ணாடிகள் பெரிலியத்தால் ஆனவை. மேலே தங்கப் பூச்சு, பதினெட்டுக்கும் சேர்த்து ஐம்பது கிராமுக்குள்தான். இவை வேலை செய்யப்போவது சுமார் மைனஸ் 230 டிகிரி குளிரில். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், வளைவு மாறும். என்ன செய்வது? தேய்த்த கண்ணாடியைக் குளிர் அறையில் வைத்து, எங்கே எவ்வளவு கோணுகிறது என்று அளந்தார்கள். வெளியே எடுத்து, அந்தக் கோணலுக்கு எதிர்க்கோணலாக மறுபடி தேய்த்தார்கள். சாதாரண வெப்பத்தில் பார்த்தால் கண்ணாடி தப்பு. குளிரில் போய்ச் சரியாகிவிடும். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போகிற ஜாப்பில் எவ்வளவு கோணும் என்று முன்கூட்டியே கணக்கு வைத்து விட்டுக் கடைகிற டர்னருக்கு இது புதுசு கிடையாது. மைக்ரானுக்குப் பதில் நானோமீட்டர், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரியது என்று அவருக்குத்தான் தெரியும், எனக்கும் உங்களுக்கும் தெரியாது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கவேண்டாம். படம் எடுக்கிறவர்களே இந்தத் தப்பு எண்ணத்துக்குத் தீனி போடுகிறார்கள். "டீப் ஸ்கை" என்று வெப்பைப் பற்றிய ஐமேக்ஸ் படம், நாதானியேல் கான் எடுத்தது (அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்த லூயி கானின் மகன்). கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. நெட்ஃபிளிக்ஸில் 2023இல் வந்த "அன்நோன்: காஸ்மிக் டைம் மெஷின்" தொலைநோக்கி விரியும் நாட்களின் பதற்றத்தைப் பிடிக்கிறது. ஆனால் இந்த வகைப் படங்களுக்கே ஒரு வியாதி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இசை தழுதழுக்கும், ஒருவர் கண்கலங்கி "நாம் எங்கிருந்து வந்தோம்" என்பார். திருகைப் பிடித்த கை பின்னணியில் மங்கலாகப் போய்விடும். நம் ஊர் ஏற்பாட்டாளர் அந்த இசையைக் கேட்டுவிட்டு, இது ஏதோ மேல்தட்டுச் சமாச்சாரம் என்று முடிவுசெய்கிறார். அவருக்குச் சொல்வேன்: இசையைக் குறைத்துவிட்டுக் கையைப் பாருங்கள்.

இன்னொரு பல்லவி, "எல்லாம் கலர் அடிச்ச போட்டோ." கேலியாக ஆரம்பித்து இப்போது பெரிய உண்மையைக் கண்டுபிடித்த தோரணையில் சொல்லப்படுகிறது. 1995இல் ஹப்பிள் எடுத்த புகழ்பெற்ற வாயுத் தூண்கள் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். மறைத்துச் செய்ததில்லை, சொல்லியே செய்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டத்தான் நிறம். வெப் பார்ப்பதோ பெரும்பாலும் அகச்சிவப்பு, நம் கண்ணுக்கு எட்டவே எட்டாது. கம்பெனி பேனல் போர்டைத் தெர்மல் கேமராவில் பார்க்கிற எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். லூஸ் காண்டாக்ட் இருக்கிற இடம் திரையில் மஞ்சளாகத் தெரியும். கேபிள் மஞ்சளா என்று அவர் கேட்கமாட்டார், டெர்மினலை டைட் வைப்பார். இங்கேயும் ஏமாறுவது எஸ்டேட்காரர் இல்லை, அந்தக் கேமராவையே பார்த்திராத விமர்சகர்தான்.

"ஏழை நாட்டுக்கு எதுக்கு இதெல்லாம்" என்ற கேள்விக்கு அதிக இடம் கொடுக்க மனமில்லை. நம்முடைய ஆஸ்ட்ரோசாட்டுக்கு ஆன செலவு 178 கோடி ரூபாய். நம் உச்ச நட்சத்திரங்களின் படங்கள் அதைத் தாண்டி வெகு காலமாகிறது. அவற்றைப் பார்த்து ஏழை நாட்டுக்கு எதற்கு என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஆஸ்ட்ரோசாட் என்று சொன்னதும் பலர் முழிப்பார்கள், அதுதான் என் ஆத்திரம். 2015 செப்டம்பர் 28, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. அதைத் தூக்கிக்கொண்டு போனது. ஆவடியிலிருந்து நேர்கோட்டில் சுமார் எழுபது கிலோமீட்டர். எஸ்டேட்டில் முதல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த நேரம். ராக்கெட் போகிறது என்றால் மொட்டைமாடிக்கு ஓடுகிற ஊர் இது. அது எதைக் கொண்டுபோகிறது என்று யாரும் சொல்வதில்லை. அதில் இருந்தது இந்தியாவின் முதல் முழு விண்வெளி ஆய்வகம்: புறஊதாத் தொலைநோக்கி, தங்கம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காகச் சுருட்டிச் செய்த எக்ஸ்ரே தொலைநோக்கி, இன்னும் சில. புறஊதாக் கருவியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஓசகோட்டையில் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தார் தூசிபடாத அறையில் பூட்டினார்கள். அதற்குத் தூசியைவிடப் பெரிய எதிரி எண்ணெய்ப் பசையின் ஆவி. கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் படிந்தாலும் புறஊதா ஒளி உள்ளே வராது. அதனால் வானத்துக்குப் போன பிறகும் இரண்டு மாதம் கதவைத் திறக்காமல் வைத்திருந்தார்கள், கலத்தில் ஒட்டியிருந்த ஆவியெல்லாம் போகட்டும் என்று. பெயிண்ட் ஷாப்பில் டீகிரீசிங் சரியாக நடக்காத தகட்டில் பெயிண்ட் உரியும் கதையைத் தெரிந்தவர் இந்த இரண்டு மாதப் பொறுமைக்குத் தலையாட்டுவார். 2020இல் புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் கனக் சாஹா குழு, அதே கருவியால் 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன்மண்டலத்தின் கடும் புறஊதா ஒளியைப் பிடித்தது. கண்ணாடியின் விட்டம் 37.5 சென்டிமீட்டர். ஹப்பிளின் கண்ணாடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆஸ்ட்ரோசாட்டைப் பற்றித் தமிழில் ஒரு முழுநீளப் படம் என் கண்ணில் பட்டதில்லை. 2023இல் சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 போனபோது திட்ட இயக்குநர் நிகர் சாஜி செங்கோட்டைக்காரர் என்று எல்லாச் சேனலும் கொண்டாடியது. கொண்டாடவேண்டியதுதான். எந்தப் பள்ளியில் படித்தார், அண்டை வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பது வரை வந்தது. சூரியனின் தட்டை மறைத்துவிட்டு அதன் ஓரத்து மங்கிய ஒளியை மட்டும் பிடிக்க அந்தக் கலத்தில் இருந்த கருவியை எப்படிச் செய்தார்கள், சிதறும் ஒளியை எப்படி அடக்கினார்கள் என்று இரண்டு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. மக்களுக்குப் புரியாது என்று ஸ்டூடியோவில் ஒருவர் தீர்மானித்திருப்பார். அவருக்குப் புரியவில்லை என்பதை இப்படியும் சொல்லலாம்.

இந்தக் கருத்தின் அடியில் கிடப்பது பழைய பிரிவினை: கையால் வேலை செய்கிறவனுக்குத் தலை கிடையாது, தலையால் வேலை செய்கிறவன் கையை அழுக்காக்கமாட்டான். நம் ஊரில் இதற்கு எவ்வளவு நீண்ட வரலாறு என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஹப்பிளின் கதை அந்தப் பிரிவினைக்கு நேர் எதிர்ச்சாட்சி. அங்கே தலை போட்ட கணக்கு சரியாக இருந்தது, கை தேய்த்ததும் சரியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கேஜைச் சந்தேகப்படுகிற ஒரு ஆள் இல்லை, அல்லது இருந்த ஆளின் பேச்சை யாரும் கேட்கவில்லை.

கடைசியாகக் கல்லாப்பெட்டி. "டிக்கெட் யார் வாங்குவார்கள்?" 2025 பிப்ரவரியில் "இன்டர்ஸ்டெல்லார்" பத்து வருஷம் கழித்து மறுபடி வந்தபோது கூட்டம் முண்டியடித்தது. ஐந்தாம் பரிமாணம் புரிந்தா எல்லோரும் போனார்கள்? விண்வெளிப் படமான "டிக் டிக் டிக்" வந்தபோது இந்தப் பக்கத்து தியேட்டரில் யாரும் நுழைவுத்தேர்வு வைக்கவில்லை. கற்பனைக்குக் கேட்காத தகுதிச் சான்றிதழை உண்மைக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? தியேட்டரே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எஸ்டேட்டில் மெஷினெல்லாம் நின்றுவிடும். துடைத்து, பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் பிரித்து, சாயங்காலம் ஆட்கள் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி, உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய ஒரு படம், இங்கிலீஷ் பேசுகிற இடங்களில் நிறுத்தித் தமிழில் சொல்ல ஒருவர். கொரட்டூர்க்காரரைக் கேட்டால் வருவார். படம் முடிந்து கேள்வி நேரம் வந்தால் பதில் சொல்ல மட்டும், தயவுசெய்து, தரக்கட்டுப்பாடு தெரிந்த யாரையாவது உட்கார வையுங்கள். வெறும் வானியல்காரரை உட்காரவைத்தால் அவர் பாடு திண்டாட்டம்தான்.